ஈ.சி.ஜி. தாளில் மாத்திரையின் கையெழுத்து

(கீழ்புத்துப்பட்டில் இருதய நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் நடத்தப்பட்ட கூட்டத்தில் நம் மருத்துவமனையின் சிற்றாலய போதகர் ஆற்றிய உரை. நம் மருத்துவமனையைத் தாங்கிவரும் அன்பர்களும் வாசித்துப் பயனடையும்படி இங்கே தருகிறோம்.)



போதகர் எதற்காக ஈ.சி.ஜி.யைப் பற்றிப் பேச வந்திருக்கிறார் என்று உங்களில் சிலர் யோசிக்கலாம். காரணம் எளியது. காலையில் வைத்தியர்கள் வார்டைச் சுற்றிவிட்டுப் போன பிறகுதான் நான் ஒவ்வொரு கட்டிலாகப் போவேன். ஜெபம் முடிந்ததும் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு நீளமான தாளை எடுத்து நீட்டுவார்கள். "ஐயா, இதுல என்னாங்க எழுதியிருக்குது? நல்லதா கெட்டதா?" என்பார்கள். வைத்தியரிடம் கேட்கக் கூச்சம், என்னிடம் கூச்சமில்லை. பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் இத்தனை ஆண்டுகள் அதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு, நம் வைத்தியர்களிடமும் நர்ஸ் சகோதரிகளிடமும் நானும் போய்க் கேட்டுக் கேட்டு, சிலவற்றைத் தெரிந்துகொண்டேன். அவற்றில் ஒன்றை மாத்திரம் இன்று உங்களுக்குச் சொல்லுகிறேன்.

அது இதுதான்: ஈ.சி.ஜி. தாளில் உங்கள் இருதயம் மட்டும் எழுதுவதில்லை. நீங்கள் சாப்பிடும் மாத்திரையும் எழுதுகிறது. மாத்திரை இன்னதென்று தெரியாமல் அந்தத் தாளை வாசிப்பவர், எவ்வளவு படித்தவராயிருந்தாலும், தவறாக வாசிக்க நேரிடும்.

உப்புத் தண்ணீரில் தொடங்கிய கதை

முதலில் ஈ.சி.ஜி. என்றால் என்னவென்று பார்ப்போம். இருதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் அதற்குள் ஒரு சிறு மின்சாரம் ஓடுகிறது. நம் தோலின் மேல் வந்து சேரும்போது அது ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட் அளவே இருக்கும். டார்ச் விளக்கின் ஒரு செல்லில் இருப்பதில் ஆயிரத்தைந்நூற்றில் ஒரு பங்கு. இதைப் பிடித்து வரைந்து காட்ட வழி கண்டவர் வில்லெம் ஐந்தோவன் என்ற ஹாலந்து தேசத்து அறிஞர். அவர் பிறந்தது 1860ல் ஜாவா தீவில். அவருடைய தகப்பனார் அங்கே வைத்தியராயிருந்தார். 1900ஆம் ஆண்டை ஒட்டிய வருஷங்களில் அவர் செய்த இயந்திரம் ஒரு அறையையே அடைத்துக்கொண்டது. அதற்காக 1924ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த நாளில் நோயாளியின் மார்பில் ஒட்டும் வில்லைகள் இல்லை. நோயாளி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் இடது காலையும் மூன்று பாத்திரங்களில் வைக்க வேண்டும். பாத்திரங்களில் என்ன இருந்தது தெரியுமா? உப்புத் தண்ணீர். உப்புக் கரைந்த தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மரக்காணத்து உப்பளங்களில் வேலை செய்யும் உங்களுக்கு இதைக் கேட்கச் சந்தோஷமாயிருக்கும். இந்த உப்பைப் பற்றி இன்னும் சொல்லப் போகிறேன், மறந்துவிடாதிருங்கள்.

இப்போது தாளைப் பாருங்கள். அதில் சிறு சிறு கட்டங்கள். தாள் ஒரு விநாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகரும். ஆகவே ஒரு சிறு கட்டம் 0.04 விநாடி, ஐந்து சேர்ந்த ஒரு பெரிய கட்டம் 0.2 விநாடி. ஒவ்வொரு துடிப்புக்கும் முதலில் ஒரு சின்ன மேடு: அது மேல் அறைகள் இரண்டும் சுருங்குவதற்கான அடையாளம். பிறகு பனைமரம் போல உயரமாய் ஒரு கோடு: அது கீழ் அறைகளுடையது. அதன் பின் சற்று நேரம் கோடு சமமாக ஓடி, கடைசியில் ஒரு வட்டமான மேடு எழும்பும். கீழ் அறைகள் அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாவதை அது காட்டுகிறது. பனைமரத்துக்கும் கடைசி மேட்டுக்கும் நடுவே இருக்கும் அந்தச் சமதளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம்முடைய கதை அங்கேதான் நடக்கிறது.

ஒரு செடியும் ஒரு மாத்திரையும்

மாத்திரையின் பெயர் டிஜாக்சின். லானாக்சின் என்ற கம்பெனிப் பெயரிலும் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். வாரத்தில் ஐந்து நாள் சாப்பிட்டு இரண்டு நாள் விடும்படி நம் நாட்டில் பல வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கும் சின்ன வெள்ளை மாத்திரை அது. எல்லோருக்கும் அப்படியல்ல, உங்களுக்கு எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே.

இதன் வரலாறு ஒரு தோட்டத்துச் செடியில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற வைத்தியர் இருந்தார். அங்கே ஷ்ராப்ஷயர் என்னும் பகுதியில் ஒரு முதிய பெண்மணி, உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கியவர்களுக்கு இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் சேர்த்து ஒரு கஷாயம் கொடுத்து வந்தார். 1775ல் அதைப் பற்றி விதரிங்கிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். அவ்வளவு மூலிகைகளிலும் வேலை செய்வது பாக்ஸ்குளோவ் என்ற ஒரே செடிதான் என்று அவர் கண்டுகொண்டார். பத்து ஆண்டுகள் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1785ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். குணமானவர்களைப் பற்றி மட்டுமல்ல, குணமாகாதவர்களைப் பற்றியும் அதில் மறைக்காமல் எழுதினார். அளவு மீறினால் வாந்தி வரும், நாடி மிகவும் குறைந்துவிடும், பார்க்கும் பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தோன்றும் என்று அன்றைக்கே குறித்து வைத்தார். அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு செடியிலிருந்து 1930ல் டிஜாக்சினைப் பிரித்தெடுத்தார்கள்.

இன்று இதைவிடப் புதிய மருந்துகள் அநேகம் வந்துவிட்டன. 1997ல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில் இருதயம் பலவீனப்பட்ட 6,800 பேரைச் சேர்த்துப் பார்த்தார்கள். டிஜாக்சின் ஆயுசைக் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. ஆனால் இருதயப் பலவீனம் முற்றி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய நிலையைக் குறைத்தது என்று கண்டார்கள். ஆகையால் முன்னைப் போல எல்லோருக்கும் இதைக் கொடுப்பதில்லை. ஆனாலும் நம் பக்கத்தில் இதற்கு இன்னும் வேலை இருக்கிறது. சிறு வயதில் தொண்டைப் புண் வந்து, அதைத் தொடர்ந்து மூட்டுவலிக் காய்ச்சல் வந்து, இருதய வால்வு சுருங்கிப்போனவர்கள் நம் நடுவே உண்டு. அவர்களில் பலருக்கு மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் படபடவென்று நடுங்கும். நாடி தாறுமாறாக ஓடும். அந்த ஓட்டத்தை அடக்க விலை குறைந்த இந்த மாத்திரை உதவுகிறது.

இருதயத்தின் உப்பளம்

இப்போது உப்புக்கு வருவோம். நம் உடம்பின் ஒவ்வொரு அணுவறைக்கும் ஒரு இறைப்பு இயந்திரம் உண்டு. அது உப்பிலுள்ள சோடியத்தை வெளியே இறைத்து, பொட்டாசியம் என்ற இன்னொரு உப்புச் சத்தை உள்ளே சேர்க்கிறது. மூன்று பங்கு சோடியம் வெளியே, இரண்டு பங்கு பொட்டாசியம் உள்ளே. இராப்பகலாய் இது நடந்துகொண்டேயிருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோ என்பவர் இதை 1957ல் கண்டறிந்தார். எதை வைத்துக் கண்டறிந்தார்? கடற்கரை நண்டின் கால் நரம்பை வைத்து! நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997ல், அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

டிஜாக்சின் செய்வது என்னவென்றால், இந்த இறைப்பு இயந்திரங்களில் சிலவற்றைப் பிடித்து நிறுத்துகிறது. உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் பத்தில் இரண்டை நிறுத்தினால் பாத்தியில் நீர்மட்டம் மாறுமல்லவா? அப்படியே இருதயத் தசைக்குள் சோடியம் சற்றுக் கூடுகிறது. அதன் காரணமாகக் கால்சியமும் உள்ளே தங்குகிறது. கால்சியம் கூடினால் தசை பலமாய்ச் சுருங்கும். சோர்ந்துபோன இருதயம் கொஞ்சம் வலுவாகத் துடிக்கும். இதல்லாமல் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே இருக்கும் வாசலில் மின்சாரத்தை இந்த மாத்திரை சற்றுத் தாமதப்படுத்துகிறது. மேலே எவ்வளவு கலவரம் நடந்தாலும் கீழே அளவாகத்தான் விடும். நல்ல மடைக்காரனைப் போல.

இறைப்பதிலும் மடையிலும் மாற்றம் வந்தால் மின்சாரத்திலும் மாற்றம் வராதிருக்குமா? அந்த மாற்றமே தாளில் விழுகிறது.

தாளில் தெரிவது என்ன

முதலாவது, நான் முன்சொன்ன சமதளம் தொய்ந்துபோகும். குழந்தைக்குத் தூளி கட்டினால் நடுவில் எப்படி வளைந்து தொங்குமோ, அப்படி. இரண்டாவது, கடைசி வட்ட மேடு தாழ்ந்துபோகும். சில சமயம் தலைகீழாகவும் ஆகும். மூன்றாவது, பனைமரத்தின் தொடக்கம் முதல் கடைசி மேட்டின் முடிவு வரை உள்ள நேரம் குறுகும். நான்காவது, ஒழுங்காகத் துடிக்கும் இருதயத்தில் முதல் மேட்டுக்கும் பனைமரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி சற்று நீளும். இவையெல்லாம் ஒரே நோயாளியிடத்தில் சேர்ந்தும் இருக்கலாம், ஒன்றிரண்டு மட்டும் இருக்கலாம்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1915லேயே நியூயார்க்கில் ராக்பெல்லர் மருத்துவமனையைச் சேர்ந்த ஆல்பிரட் கோன் என்ற வைத்தியரும் அவருடன் வேலை செய்தவர்களும், இந்த மருந்து கொடுத்தவர்களின் தாளில் கடைசி மேடு மாறுவதை எழுதி வெளியிட்டார்கள். ஈ.சி.ஜி. பிறந்து கொஞ்ச காலத்துக்குள்ளாகவே மாத்திரையின் கையெழுத்தை அடையாளம் கண்டுவிட்டார்கள்.

இங்கே இரண்டு காரியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இதை நம் வைத்தியர் எனக்கு ஒரு நாள் வெகு பொறுமையாக விளக்கினார். தூளி போலத் தொய்ந்த அந்தக் கோடு, "மாத்திரை உள்ளே இருக்கிறது" என்று மட்டும் சொல்லுகிறது. "மாத்திரை அதிகமாகிவிட்டது" என்று சொல்லவில்லை. சரியான அளவில் சாப்பிடுகிறவருக்கும் அது வரும். அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. மாத்திரையை நிறுத்தினாலும் அந்த அடையாளம் உடனே போகாது; இரண்டு வாரம் வரைக்கும் தாளில் நிற்கலாம்.

அளவு மீறியதைக் காட்டும் அடையாளங்கள் வேறு. நடுநடுவே ஒழுங்கில்லாத அதிகத் துடிப்புகள் வரும். ஒன்று விட்டு ஒன்றாகக்கூட வரும். மடை அதிகமாய் அடைபட்டு நாடி மிகவும் குறையும். சில சமயம் மேல் அறை வேகமாகவும் கீழ் அறை மெதுவாகவும் தனித்தனியே ஓடும். இவற்றைக் கண்டால் வைத்தியர் ஒரு நிமிஷமும் தாமதிக்கமாட்டார்.

தவறாக வாசிக்கப்பட்ட ஒரு தாள்

ஒரு தாயாரைப் பற்றிச் சொல்லுகிறேன்; பெயரும் ஊரும் வேண்டாம். வால்வு சுருங்கியதற்காகப் பல வருஷங்களாக மாத்திரை சாப்பிட்டு வந்தவர். மகள் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தார். அங்கே ஒரு நாள் நெஞ்சு அடைப்பது போலிருந்ததால் அருகிலிருந்த ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். சமதளம் தொய்ந்திருந்தது. இருதயத்துக்கு இரத்த ஓட்டம் குறைந்தாலும் அந்த இடத்தில்தான் கோடு தாழும். "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டதற்கு, "ஒன்றுமில்லை, சத்து மாத்திரைதான்" என்று மகன் சொன்னார். அம்மாவுக்கு வியாதி என்று சம்பந்தி வீட்டார் அறியக்கூடாது என்பது அவர் எண்ணம்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே புரியும். மாரடைப்பு என்ற சந்தேகத்தில் மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. வட்டிக்கு வாங்கிய பணம். நடைப்பட்டையில் ஓடவிட்டு எடுக்கும் பரிசோதனைக்கும் ஏற்பாடு. டிஜாக்சின் சாப்பிடுகிறவருக்கு அந்தப் பரிசோதனையிலும் இல்லாத அடைப்பு இருப்பது போலத் தெரியலாம். நான்காம் நாள் அந்தத் தாயாரே நர்ஸ் ஒருவரிடம் தன் சுருக்குப் பையைத் திறந்து காட்டினார். அதற்குள் மாத்திரைப் பட்டை இருந்தது. அங்கிருந்த வைத்தியர்கள் தவறு செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பாதிப் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுத்த கடிதத்தை யார் சரியாக வாசிக்க முடியும்?

அன்பானவர்களே, வியாதியை மறைப்பது நம் ஜனங்களிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. கலியாணம் தடைப்படும், வேலை போய்விடும், மேஸ்திரி நாளை முதல் வர வேண்டாம் என்பார் என்று பயப்படுகிறோம். அந்தப் பயத்தை நான் லேசாக எண்ணவில்லை. ஊரார் அறிய வேண்டாம். ஆனால் வைத்தியர் அறியத்தான் வேண்டும்.

நாடி ஒழுங்கானால் நல்லதுதானா?

இன்னொரு காரியம் என்னை வெகுவாய் யோசிக்க வைத்தது. மேல் அறைகள் நடுங்கும் வியாதி உள்ளவருக்கு நாடி எப்போதும் ஒழுங்கின்றி ஓடும் என்று சொன்னேன். அப்படி வருஷக்கணக்காய் ஒழுங்கில்லாமல் இருந்த நாடி ஒரு நாள் திடீரென்று கடிகாரம் போல ஒழுங்காகவும், மிக மெதுவாகவும் துடிக்கத் தொடங்கினால் நாம் என்ன நினைப்போம்? "ஸ்தோத்திரம், குணமாகிவிட்டது" என்போம். டிஜாக்சின் சாப்பிடுகிறவர் விஷயத்தில் அது நேர்மாறாக இருக்கக்கூடும். மாத்திரை அளவு மீறி, நடுவிலுள்ள வாசல் முழுவதும் அடைபட்டு, கீழ் அறை மேலிருந்து வரும் செய்தியை எதிர்பாராமல் தானாகவே மெதுவாய்த் துடிக்கிறது என்பதே அதன் பொருளாக இருக்கலாம். வெளியே சமாதானம் போலத் தெரிந்தாலும் உள்ளே ஆபத்து. அதை ஈ.சி.ஜி. தாள்தான் காட்டிக்கொடுக்கும். எனவே நாடியில் திடீர் மாறுதல் எதுவானாலும், நல்ல மாறுதலாகத் தோன்றினாலும், வந்து காட்டுங்கள்.

உப்பளத்து வெயிலும் இந்த மாத்திரையும்

நம் பகுதிக்கு இது ஏன் அதிக முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். டிஜாக்சினில் நன்மை செய்யும் அளவுக்கும் தீமை செய்யும் அளவுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகச் சிறியது. உடம்பிலிருந்து அதை வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீரகம். சிறுநீரகம் சோர்ந்தால், நேற்று வரை சரியாக இருந்த அதே மாத்திரை இன்று அதிகமாகிவிடும்.

பங்குனி முதல் ஆனி வரை உப்பு வாரும் நாட்களில் நீங்கள் படும் பாடு நான் அறிவேன். மேலே வெயில், கீழே வெண்மையான உப்பிலிருந்து எழும்பும் பிரகாசம், நிழலுக்கு ஒரு மரமில்லை. ஒதுங்க இடமில்லையென்று பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளுகிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டின் உப்பளத் தொழிலாளரைப் பரிசோதித்து, அவர்களில் பெரும்பாலோர் பாதுகாப்பான அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்கிறார்கள் என்றும், சிலருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருக்கிறது என்றும் கண்டிருக்கிறார்கள்.

இத்துடன் பொட்டாசியமும் சேருகிறது. இருதயத்தின் இறைப்பு இயந்திரத்தில் பொட்டாசியம் உட்காரும் இடத்துக்கே டிஜாக்சினும் போட்டி போடுகிறது. பொட்டாசியம் குறைந்தால் அந்த இடத்தை டிஜாக்சின் எளிதில் பிடித்துக்கொள்ளும். மாத்திரையின் வேகம் கூடிவிடும். பொட்டாசியம் எதனால் குறைகிறது? வயிற்றுப்போக்கினால், வாந்தியினால், முக்கியமாக வீக்கம் வடிய டிஜாக்சினுடன் சேர்த்துக் கொடுக்கும் நீர் பிரிகிற மாத்திரையினால். அதற்காகத்தான் அவ்வப்போது இரத்தம் எடுத்து உப்புச் சத்துக்களைப் பார்க்கிறார்கள். "மறுபடியும் இரத்தமா?" என்று கோபித்துக்கொள்ளாதிருங்கள்.

அப்படியானால் இளநீரும் வாழைப்பழமும் நிறையச் சாப்பிட்டால் போதுமே என்று ஒரு சகோதரர் கேட்டார். அவற்றில் பொட்டாசியம் உண்டு, மெய்தான். ஆனால் சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் கூடினாலும் இருதயம் நின்றுபோகும். ஆகையால் அளவு எவ்வளவு என்பதைப் பரிசோதனையின்படி வைத்தியர் சொல்லட்டும். அதே போலத் தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இருதயப் பலவீனம் உள்ளவர்களுக்குத் தண்ணீரை அளவாகக் குடிக்கச் சொல்லியிருக்கலாம். உப்பளத்தில் வேலை செய்கிறேன் என்று நீங்கள் சொன்னால்தான் அவர் அதற்கேற்றபடி அளவைத் திருத்துவார்.

வேறு மருந்துகளும் இந்த மாத்திரையின் அளவை இரத்தத்தில் உயர்த்தும். நாடி ஒழுங்குக்காகக் கொடுக்கும் அமியோடரோன், வெரபமில், சளிக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின் ஆகியவை அப்படிப்பட்டவை. மருந்துக் கடையில் நீங்களாகவே கேட்டு வாங்குவது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

வேலி ஓரத்து அரளி

இதை ஒட்டி ஒரு எச்சரிப்பும் சொல்ல வேண்டும். நம் வேலி ஓரங்களில் வளரும் மஞ்சள் அரளி, இலங்கைத் தமிழர் அலரி என்று சொல்லுவது, தன்னுள் கொண்டிருக்கும் விஷமும் டிஜாக்சினின் இனத்தைச் சேர்ந்ததே. அதுவும் அதே இறைப்பு இயந்திரத்தைத்தான் நிறுத்துகிறது; ஈ.சி.ஜி. தாளிலும் அதே வகை அடையாளங்களைத்தான் விடுகிறது. டிஜாக்சின் அளவு மீறியவர்களுக்கென்று ஆடுகளின் இரத்தத்திலிருந்து தயாரித்த முறிவு மருந்து அரளி விஷத்துக்கும் உதவுகிறது என்று இலங்கையில் நடந்த ஆராய்ச்சி 2000ல் வெளியானது. அது விலையுயர்ந்தது, எங்கும் கிடைப்பதில்லை. ஆனால் அதில்லாமலும் சரியான கண்காணிப்பினால் அநேகர் பிழைக்கிறார்கள்.

குழந்தை தெரியாமல் வாயில் வைத்தாலும், யாராவது நாட்டு மருந்தென்று அரைத்துக் கொடுத்தாலும், மனம் உடைந்த ஒருவர் தவறான முடிவுக்குப் போனாலும், வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்காமல் உடனே 108க்குச் சொல்லுங்கள். பார்வைக்கு நன்றாயிருந்தாலும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இருதயத்தில் கோளாறு தாமதித்தும் வரும். அப்படி வந்தவரை எங்கள் வார்டில் ஒருவரும் குற்றவாளியைப் போல விசாரிப்பதில்லை. பேச ஆளில்லாமல் தவிக்கிறவர்கள் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். என் கதவும் திறந்திருக்கிறது.

நாம் செய்யவேண்டியவை

இவ்வளவும் கேட்டதில் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியவற்றைச் சுருக்கமாய்ச் சொல்லுகிறேன்.

முதலாவது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், அது ஜிப்மரானாலும் முண்டியம்பாக்கமானாலும் நம் மருத்துவமனையானாலும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பட்டையோடு கொண்டுபோங்கள். சீட்டு தொலைந்தாலும் பட்டையில் பெயர் இருக்கும்.

இரண்டாவது, பழைய ஈ.சி.ஜி. தாளை எறிந்துவிடாதிருங்கள். புதிய தாளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தொய்வு பழையதா, இன்று வந்ததா என்று தெரியும். சில தாள்கள் நாளடைவில் வெயிலிலும் சூட்டிலும் மங்கிப்போகும். ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அல்லது பிள்ளைகளின் செல்போனில் படம் பிடித்து வைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பசியின்மை, குமட்டல், வாந்தி, கண்ணுக்கு மஞ்சளாய்த் தெரிதல், மயக்கம், படபடப்பு, முதியவர்களுக்குப் புத்தி தடுமாற்றம், இவை கண்டால் அடுத்த மாத்திரையைப் போடுவதற்கு முன் வைத்தியரைக் கேளுங்கள். பித்தம் என்று எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்துவிட்டு இருந்துவிடாதிருங்கள்.

நான்காவது, ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சாப்பிடாதிருங்கள். வைத்தியரைக் கேட்காமல் தானாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

ஐந்தாவது, இது பிள்ளைகளைப் பற்றியது. தொண்டைப் புண்ணோடு காய்ச்சல் வந்து, பின் மூட்டுகள் மாறி மாறி வீங்கினால் அலட்சியம் செய்யாதிருங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போடச் சொல்லியிருந்தால், பிள்ளை அழுகிறதென்று விட்டுவிடாதிருங்கள். இன்று அந்த ஊசியை ஒழுங்காகப் போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு, நாளை வால்வு சுருங்கி இந்த மாத்திரையைத் தேடி அலையும் நிலை வராமல் தடுக்கலாம்.

தாங்குகிற அன்பர்களுக்கு

நம் மருத்துவமனைக்குக் காணிக்கை அனுப்பும் அன்பர்கள் சிலரும் இங்கே வந்திருக்கிறீர்கள். ஒரு கட்டிடத்துக்குக் கொடுத்தால் கல்லில் பெயர் பொறிக்கலாம். ஆனால் ஈ.சி.ஜி. தாள் ஒரு சுருள், பொட்டாசியம் பார்க்கும் இரசாயனம் ஒரு புட்டி, இவற்றுக்குக் கொடுத்தால் பெயர் எங்கும் இராது. அந்தச் சுருள் சில நாட்களில் தீர்ந்துபோகும். ஆனால் வால்வு சுருங்கிய ஒரு தகப்பன் மறுபடியும் குடும்பத்தைப் பார்க்க எழுந்து நடப்பதும், மாத்திரை மிஞ்சிப்போன ஒரு பாட்டியம்மாள் சரியான நேரத்தில் காப்பாற்றப்படுவதும் அப்படிப்பட்ட சாதாரணப் பொருள்களினால்தான். மாதம் தவறாமல் வரும் உங்கள் சிறு தொகைகள் பெரும்பாலும் இவற்றுக்கே போகின்றன. அதற்காக உங்களுக்கு எங்கள் நன்றி உரித்தாகுக.

என்னிடத்தில் தாளை நீட்டி "நல்லதா கெட்டதா" என்று கேட்கிறவர்களுக்கு இப்போது நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: "தாளை மட்டும் காட்டாதே அம்மா, மாத்திரையையும் சேர்த்து வைத்தியரிடம் காட்டு. இரண்டையும் பார்த்தால்தான் உண்மை தெரியும்."

 வெளியே மோர் வைத்திருக்கிறார்கள், குடித்துவிட்டுப் போங்கள். உப்பு மாத்திரம் அளவாகப் போட்டுக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் காப்பாராக.